வெள்ளவத்தைச் சனிக்கிழமை வகுப்பு: 42,000 ரூபாய் கொடுத்துப் படிக்கலாமா?

தங்கச்சியின் கலியாணத்துக்காக ஒரு மாத லீவில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சில் இருந்து கொழும்புக்கு வந்திருக்கிறேன். வந்து இறங்கிய நாளில் இருந்து குறைந்தது எட்டுப் பேர் ஒரே விசயத்தைக் கேட்டுவிட்டார்கள்: "அந்த வெள்ளவத்தை வகுப்புக்கு நீங்கள் போனனீங்கள்தானே, குடுத்த காசுக்குப் பெறுமதியோ?" கலியாணப் பந்தியில் சோறு போடுவதற்கு முன்னமே ஒரு மாமி தன் மகனுக்காக விசாரித்தார். ஒவ்வொருவருக்கும் வட்ஸ்அப்பில் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பிக் களைத்துவிட்டேன், அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: இது ஐஈஎல்ரிஎஸ் ஆங்கிலப் பரீட்சை வகுப்பு இல்லை. அது வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிறது. இது விசா கிடைத்தவர்களுக்கும் கிடைக்கும் என்று காத்திருப்பவர்களுக்கும் உரிய வகுப்பு. படித்த படிப்பும் தொழில் அனுபவமும் கையில் இருக்கிறது, ஆனால் வெளிநாட்டு அலுவலகத்துக்குள் கால் வைத்தால் யாரிடம் எப்படிக் கதைப்பது, எதைக் கேட்பது, எதைக் கேட்கக்கூடாது, மேலதிகாரி சொல்வதன் உட்பொருள் என்ன, இதெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லையே, அதைச் சொல்லித் தரும் இடம். பத்துச் சனிக்கிழமை, பின்னேரம் 2 மணியில் இருந்து 5 மணி வரை. நான் படித்தது 2024 தொடக்கத்தில். அப்போது கட்டணம் 42,000 ரூபாய், இரண்டு தவணையாகக் கட்டலாம். எங்கள் பிரிவில் 14 பேர்.

வகுப்பின் பெயரையும் மிஸ்ஸின் பெயரையும் போடவில்லை. குறைகளையும் எழுதப் போகிறேன், நடத்துகிறவர் தனி ஆள், அவரைச் சந்திக்கு இழுக்க எனக்கு விருப்பமில்லை. காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கை, தையல் கடைக்கு மேல்மாடி என்று சொன்னால் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளங்கும்.

இப்படி ஒரு வகுப்பு ஏன் வேண்டும் என்று என் அப்பாவே கேட்டார். 2022 இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்கென்று இந்த நாட்டை விட்டுப் போனார்கள். வீட்டுப் பணிக்குப் போகிற பெண்களுக்கு வேலைவாய்ப்புப் பணியகம் பயிற்சி கொடுத்துத்தான் அனுப்புகிறது. என்ஜினியருக்கும் கணக்காளருக்கும் தாதிக்கும் அப்படி ஒன்றும் இல்லை. படித்த ஆட்கள்தானே, தாங்களாகவே பிடித்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நான் கியூஎஸ், அதாவது கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடுகிற கணிய அளவையாளர். கொழும்பில் ஒன்பது வருசம் வேலை செய்தவள். எனக்கும் அந்த நினைப்புத்தான் இருந்தது. முதல் வகுப்பிலேயே அது உடைந்தது.

அன்றைக்கு மிஸ் நிலத்தில் சோக்கால் ஒரு சதுரம் கீறினார், நாலடிக்கு நாலடி இருக்கும். "இதுதான் லிப்ட். பத்தாம் மாடிக்குப் போறீங்கள். நாற்பது செக்கன். ரெண்டு பேர் உள்ள வாங்கோ" என்றார். நானும் ஹற்றனில் இருந்து வந்த மெக்கானிக்கல் என்ஜினியர் தம்பி ஒருவரும் உள்ளே போய் நின்றோம். அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார், நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன். நாற்பது செக்கன் எவ்வளவு நீளம் என்று அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. கடைசியில் தம்பி வாயைத் திறந்து, "அக்கா எந்த ஊர்?" என்றார். ஊரைச் சொன்னேன். "கலியாணம் முடிச்சிட்டீங்களா?" என்றார். மிஸ் மேசையில் தட்டினார்.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு இந்த வகுப்பின் மேல் மரியாதை வர முதல் காரணம். தம்பி கேட்டது பிழை என்று அவர் சொல்லவில்லை. "எங்கட ஆட்களுக்கு ஊரைக் கேக்கிறதும் குடும்பத்தைக் கேக்கிறதும் அக்கறை. ஆளைத் தெரிஞ்சுகொண்டால்தான் எங்களுக்கு வேலை ஓடும். அங்க அக்கறையைக் காட்டுறது வேற கேள்வியில. சாப்பிட்டீங்களா எண்டு நாங்கள் கேக்கிறம், சோறு போடவா கேக்கிறம்? அதே மாதிரித்தான் அவையள் வீக்கெண்ட் எப்படி எண்டு கேக்கிறது." அந்த ஒரு விளக்கம் எனக்குப் போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் தொடங்கும்போது ஐந்து நிமிசம் அந்தச் சோக்குச் சதுரத்துக்குள் நின்றோம். பதிலை "குட்" என்று ஒரு சொல்லில் முடிக்கக்கூடாது. ஒரு பதில், அதோடு சின்னதாக ஒரு விவரம், திருப்பி ஒரு கேள்வி, இவ்வளவும் வேண்டும். மழை, காற்று, கிரிக்கெட், வீதி நெரிசல், சமையல், எதுவும் சரி. சம்பளமும் வயதும் பிள்ளை இல்லையா என்ற கேள்வியும் கூடாது. எட்டாவது கிழமை ஹற்றன் தம்பி தன் ஊர்ப் பனியைப் பற்றி நாற்பது செக்கனும் கதைத்துவிட்டு என்னிடம் மரைன் டிரைவ் காற்றைப் பற்றிக் கேட்டார். வகுப்பே கைதட்டியது.

கிறைஸ்ட்சேர்ச்சில் வடமேற்கில் இருந்து மலையைத் தாண்டி ஒரு சூடான காற்று வரும், நோர்வெஸ்டர் என்பார்கள். அது அடிக்கிற நாளில் அலுவலகத்தில் எல்லோரும் அதைப் பற்றித்தான் கதைப்பார்கள். தலையிடிக்கிறது, மரம் முறிந்து விழுந்தது, வேலி பறந்தது என்று. வேலைக்குச் சேர்ந்த நான்காவது நாள் கோப்பி போடும் இடத்தில் ஒருவர் அந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல, நான் யாழ்ப்பாணத்துச் சோளகத்தைப் பற்றி இரண்டு வசனம் சொன்னேன். அடுத்த நாள் அவர் தானாக வந்து தன் மேசைக்கு அருகில் இருந்தவர்களை அறிமுகப்படுத்தினார். வெறும் காற்றுக் கதைதான், ஆனால் அதற்குப் பிறகு எனக்கு ஒரு வரைபடம் விளங்காவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்ற தயக்கம் இருக்கவில்லை.

சரி, இனி வகுப்பின் மிகச் சிறந்த பகுதிக்கு வருகிறேன், மூன்றாவது கிழமை. மிஸ் நிறைய வாசிக்கிற ஆள். வெலிங்டனில் உள்ள விக்ரோரியா பல்கலைக்கழகத்தில் ஜெனட் ஹோம்ஸ் என்ற பேராசிரியரின் தலைமையில் 1996 இல் ஓர் ஆய்வு தொடங்கியது. வேலைத்தளங்களில் ஆட்கள் உண்மையிலேயே எப்படிக் கதைக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் நோக்கம். ஆய்வாளர் பக்கத்தில் போய் நிற்காமல், வேலை செய்கிறவர்களின் கையிலேயே ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து, அரச அலுவலகம், தொழிற்சாலை, ஆஸ்பத்திரி என்று பல இடங்களில் அன்றாடப் பேச்சைப் பதிந்திருக்கிறார்கள். அதே பல்கலைக்கழகம் அந்த ஆய்வை வைத்துத் திறன்வாய்ந்த குடிவரவாளருக்கு வகுப்பும் நடத்தி, சில கிழமை அலுவலகங்களுக்கு அனுப்பியும் பழக்கியது. மிஸ் இந்த ஆய்வில் இருந்து எடுத்துக்கொண்ட விசயம் ஒன்று: அங்கே கட்டளை கட்டளை மாதிரி வராது.

வெண்பலகையில் ஐந்து வசனம் எழுதினார். எல்லாம் ஒரு மேலதிகாரி சொல்வது. "இதை இன்றைக்கு முடியுங்கள்" என்பதில் தொடங்கி, "நேரம் இருந்தால் இதை ஒருக்கால் பார்க்கலாமோ தெரியாது" என்பது வரை. எதை முதலில் செய்வீர்கள் என்று வரிசைப்படுத்தச் சொன்னார். 14 பேரில் 13 பேர் கடைசி வசனத்தைக் கடைசியில்தான் வைத்தோம். நேரம் இருந்தால் என்று அவரே சொல்கிறாரே! மிஸ் தலையை ஆட்டிவிட்டு, ஐந்தும் ஒரே கட்டளை, ஐந்துக்கும் ஒரே அவசரம் என்றார். எனக்கு அன்றைக்கு அது கொஞ்சம் மிகைப்படுத்தல் மாதிரித்தான் பட்டது.

வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது கிழமை, ஒரு புதன்கிழமை காலை, என் மேலதிகாரி கோப்பிக் கோப்பையோடு என் மேசையைக் கடந்து போனார். நடந்தபடியே, உப ஒப்பந்தகாரர் ஒருவரின் கட்டணக் கோரிக்கையைக் காட்டி, "யூ மைட் வாண்ட் டு ஹாவ் எ லுக் அட் தட் வன்" என்றார். அவ்வளவுதான், திரும்பியும் பார்க்கவில்லை. கொழும்பில் என்றால் எனக்கு அது "விரும்பினால் பார்" என்றுதான் கேட்டிருக்கும். அந்த வெண்பலகை ஞாபகம் வந்தது. கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு அதை எடுத்தேன். நியூசிலாந்தில் 2002 ஆம் ஆண்டுக் கட்டுமான ஒப்பந்தச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கட்டணக் கோரிக்கை வந்தால், எவ்வளவு கட்டுவோம், ஏன் என்று சொல்லும் பதில் அட்டவணையைக் காலக்கெடுவுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் கேட்ட தொகை முழுவதையும் கட்ட வேண்டியதுதான், அளவு பிழை என்று பிறகு சொல்லித் தப்ப முடியாது. அந்தக் கோரிக்கைக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதில் கொங்கிறீற் அளவு கூடுதலாகப் போடப்பட்டும் இருந்தது. வியாழன் பின்னேரம் முடித்துக் கொடுத்தேன். அவர் "சியர்ஸ்" என்று மட்டும் சொன்னார். எனக்கு 42,000 ரூபாயும் அந்த ஒரு நாளிலேயே திரும்பி வந்துவிட்டது.

எங்களோடு படித்த ஒரு தாதி அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பில் இருபது வருசத்துக்கு மேல் வேலை செய்தவர், அவுஸ்திரேலியாவுக்குப் போக இருந்தார். ஆறாவது கிழமைப் பாடம், மேலே இருப்பவர் சொல்வது பிழை என்றால் அதை எப்படிச் சொல்வது என்பது. எங்கள் வழக்கம் எல்லோருக்கும் தெரியும்: கூட்டத்தில் வாயைத் திறக்க மாட்டோம், முடிந்த பிறகு அறைக்குப் போய், கதவோரம் நின்று, "சேர், ஒரு சின்ன விசயம்" என்போம். அது சேருக்குக் கொடுக்கிற மரியாதை. அங்கே கூட்டத்தில் சொல்லாதது சம்மதம் என்று எடுக்கப்படும். நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதற்காகத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவோமே, அதை ஒருவர் ஆம் என்றும் இன்னொருவர் இல்லை என்றும் எடுத்த கதையெல்லாம் மிஸ் சொன்னார்.

அக்காவுக்கு அவர் வேறு பயிற்சி கொடுத்தார். அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்காக உருவாக்கிய ரீம்ஸ்ரெப்ஸ் என்ற பயிற்சியில் இருந்து மூன்று படி. முதலில், எனக்குக் கவலையாக இருக்கிறது. அதைக் காதில் போடாவிட்டால், எனக்கு இது மனதுக்குச் சரியாகப் படவில்லை. அதற்கும் அசையாவிட்டால், இது பாதுகாப்பு விசயம். மிஸ்தான் டொக்டர், பத்து மடங்கு கூடிய மருந்தளவு ஒன்றைத் தாளில் எழுதிக் கொடுத்தார். அக்கா அதைப் பார்த்தார். முகத்திலேயே தெரிந்தது, பிழையை அந்தக் கணத்திலேயே பிடித்துவிட்டார். "டொக்டர்..." என்றார். அந்தச் சொல்லோடு குரல் கீழே இறங்கிவிட்டது. தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார், விரல் நுனி வெளுத்திருந்தது. இரண்டாம் தரமும் அப்படித்தான். மூன்றாம் தரம் கரையோர ரயில் போனது. அது போகும்போது அந்த அறையில் எதுவுமே கேட்காது, எல்லோரும் காத்திருப்போம். ரயில் போய் முடிந்ததும் அக்கா தாளை மேசையில் வைத்துவிட்டு, மூன்று வசனத்தையும் ஒன்றன் பின் ஒன்றாக, நேராகப் பார்த்துச் சொன்னார். பிறகு இருந்துவிட்டார். "இருபது வருசத்தில ரெண்டு தரம் இதைச் சொல்ல வேண்டி இருந்தது பிள்ளை, சொல்லேல்ல" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை. இந்த வகுப்பை வெறும் நடை உடை பாவனை பழக்குகிற இடம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த அக்காவின் கைதான் ஞாபகம் வரும்.

மற்றப் பாடங்களில் மின்னஞ்சல் எழுதுவது பரவாயில்லை, நேர்முகப் பரீட்சை வழக்கமானதுதான், உடை பற்றிய வகுப்பு நேர விரயம். மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு ஒரு முழு மணித்தியாலம் பழக்கினார், அது தேவை. நான் அவ்வளவு பழகியும் அங்கே போய் முதல் மூன்று கிழமை அவரைக் கூப்பிடாமலே சமாளித்தேன், அவசரம் என்றால் எழும்பி அவர் மேசைக்கே நடந்து போனேன். இது ஒரு மணித்தியாலத்தில் போகிற பழக்கம் இல்லை.

இனிக் குறைகள். மனதில் பட்டதை அப்படியே எழுதுகிறேன், மிஸ்ஸிடமும் நேரில் சொல்லிவிட்டேன்.

பெரிய குறை, எல்லா நாட்டையும் "வெளிநாடு" என்று ஒரே பையில் போட்டுவிட்டார். எங்கள் பிரிவில் ரொறன்ரோவுக்குப் போகிறவர், மெல்பேர்ணுக்குப் போகிறவர், லண்டனுக்குப் போகிறவர், நான் எல்லோரும் இருந்தோம். எதிர்க்கருத்தைச் சொல்லும் பாடத்தில் "அவையள் எல்லாம் நேரடியாகக் கதைக்கிற ஆட்கள், நீங்களும் நேரடியாகச் சொல்லுங்கோ" என்று பழக்கினார். நான் நம்பிக்கொண்டு போய், இரண்டாவது மாதம் ஒரு கூட்டத்தில் ஒருவரின் மதிப்பீட்டைப் பற்றி "ஐ டிஸ்அக்ரீ" என்று வகுப்பில் பழகியபடியே சொன்னேன். கணக்கில் நான் சரி. ஆனால் மேசையைச் சுற்றி எல்லோரும் ஒரு கணம் பேசாமல் இருந்தார்கள், அந்த மனிதர் காதெல்லாம் சிவந்து குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயும் எதிர்ப்பைச் சுற்றிக் கட்டித்தான் கொடுக்கிறார்கள். முதலில் "யா, நா" (ஓம், இல்லை) என்று ஒரு இழுவை வரும், பிறகு "எனக்கு ஒரு யோசனை, இந்த அளவை இன்னொரு தரம் பார்ப்போமோ" என்று வரும். கூட்டத்தில் சொல்லத்தான் வேண்டும், ஆனால் மெதுவாகச் சொல்ல வேண்டும். வகுப்பு முதல் பாதியை மட்டும் தந்துவிட்டது. இதில் எனக்கு உண்மையிலேயே கவலை என்னவென்றால், கட்டளை மென்மையாக வரும் என்று அவ்வளவு அழகாகச் சொல்லித் தந்தவர், எதிர்ப்பும் அதே மாதிரித்தான் வரும் என்பதைக் கவனிக்காமல் விட்டதுதான். அந்த மனிதரிடம் அடுத்த நாள் போய்க் கதைத்துச் சரிப்படுத்தினேன், இப்போது நல்ல சிநேகிதர். ஆனால் அந்த ஒரு இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

அடுத்தது பெயர். என் பெயர் மூன்றே எழுத்து, நடுவில் ஒரு ழி. "அவையளுக்கு வராது தங்கச்சி, யானி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ" என்று மிஸ் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார், தெரியும். ஆனால் நான் மாற்றவில்லை, அதில் எனக்கு ஒரு துளி கவலையும் இல்லை. எங்கள் அலுவலகத்தில் நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரி இனத்து என்ஜினியர் ஒருவர் இருக்கிறார். முதல் நாள் என் பெயரைக் கேட்டுவிட்டு, "நாக்கை எந்த இடத்தில் வைக்கிறீர்கள், இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்றார். பள்ளிக்கூடக் காலம் முழுவதும் தன் பெயரைப் பிழையாகக் கூப்பிட்டார்களாம். மாவோரி மொழி அங்கே 1987 இல் அரச மொழியானது. ஊர்ப் பெயர்களையும் ஆட்களின் பெயர்களையும் சரியாக உச்சரிக்கப் பலர் பாடுபடுகிறார்கள், அந்தப் பாடு என் பெயருக்கும் கிடைத்தது. முழுசாக ழகரம் வரவில்லை, ஆனால் கிட்டத்தட்ட வந்துவிட்டது, கூப்பிடும்போது என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிகிறது.

இதோடு சேர்ந்த இன்னொன்று, வகுப்பில் ஒரு சொல்கூட வராதது. அங்கே சில கூட்டங்களில் அறிமுகம் செய்யும்போது உங்கள் பதவியை முதலில் கேட்க மாட்டார்கள். உங்கள் மலை எது, ஆறு எது, எந்த ஆட்களின் வழியில் வந்தீர்கள் என்று சொல்லும் மாவோரி வழக்கம் ஒன்று இருக்கிறது, பெபெஹா என்பார்கள். மலை இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்த நான் எதைச் சொல்ல? முதல் நாள் இரவு இருந்து யோசித்தேன். ஓடுவது மாரியில் மட்டும்தான் என்றாலும் வழுக்கையாறு எங்களுக்கு ஆறுதான். மலைக்குக் கீரிமலையைச் சொன்னேன், மலை என்று பெயர் இருந்தாலும் அது கடலோரக் கேணிதான் என்று விளக்கினேன். அந்தக் கேணியில் நன்னீர் ஊறும், கடல் பக்கத்திலேயே இருக்கும் என்றதும் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். எங்கள் ஊரில் "எந்த ஊர்?" என்று கேட்பது அக்கறை என்று மிஸ் சொன்னாரே, உலகத்தின் மறுகோடியிலும் அதையே கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நியூசிலாந்துக்குப் போகிறவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சாப்பாடு விசயத்திலும் எனக்கு உடன்பாடில்லை. அலுவலகத்துக்கு மீன்குழம்பு கொண்டுபோகாதீர்கள், மணக்கும் என்று பாடம். மைக்ரோவேவில் மீன் சூடாக்குவது எந்த நாட்டிலும் யாருக்கும் பிடிக்காது, அது வேறு. ஆனால் எங்கள் சாப்பாட்டையே ஒளித்து வைக்கச் சொல்வது மாதிரி அந்த வகுப்பு ஆகிவிட்டது. நான் பங்குச் சாப்பாட்டுக்குப் பருப்பு வடை சுட்டுக்கொண்டு போனேன், பத்து நிமிசம் தாங்கவில்லை. அங்கே அழைப்பில் "பிரிங் எ பிளேட்" என்று எழுதியிருக்கும், அதற்குச் சாப்பாடு செய்து தட்டில் கொண்டு வாருங்கள் என்று அர்த்தம். வெறும் தட்டோடு போய் நின்றவர்கள் இருக்கிறார்கள். இந்த மாதிரி விசயத்தைத்தான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும்.

கையேட்டில் சில தகவல் பழசு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பொறியியலாளர் உரிமத்துக்குக் கனடிய அனுபவம் வேண்டும் என்று எங்களுக்குத் தந்த தாளில் இருந்தது. அந்த நிபந்தனையை 2023 மே மாதமே எடுத்துவிட்டார்கள். கனடிய அனுபவத்தைக் கண்டிப்பாகக் கேட்பது பாகுபாடு என்று அந்த மாகாணத்தின் மனித உரிமை ஆணைக்குழு 2013 இலேயே சொல்லிவிட்டது. இதெல்லாம் தெரியாமல் ஒருவர் தன்னைக் குறைத்து எடைபோட்டுக்கொண்டு போய் நிற்கிறார் என்றால் அது சின்ன விசயம் இல்லை. ரொறன்ரோவுக்குப் போகிறவர்கள் ட்ரியெக் என்ற அமைப்பையும் தேடிப் பாருங்கள், 2003 இல் தொடங்கியது, புதிதாக வந்த தொழில்வாண்மையாளரை அதே துறையில் இருக்கும் ஒருவரோடு சேர்த்துவிடுகிறார்கள். நிரந்தர வதிவிட விசாவில் அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்களுக்கு, குறிப்பாகக் கூடப் போகிற கணவனுக்கோ மனைவிக்கோ, அரசாங்கமே இலவச ஆங்கில வகுப்பு நடத்துகிறது. 1948 இல் இருந்து நடக்கிற திட்டம், முன்பு 510 மணித்தியாலம் என்று இருந்த வரம்பையும் 2021 இல் எடுத்துவிட்டார்கள். வகுப்பில் இதில் எதுவும் வரவில்லை.

எல்லாவற்றையும் விட எனக்கு மனம் பொறுக்காதது உரிமைகள் பற்றி ஒரு பாடமும் இல்லாததுதான். பத்துக் கிழமையும் நாங்கள் எப்படி வளைய வேண்டும் என்றுதான் படித்தோம். எந்த இடத்தில் வளையத் தேவையில்லை என்று யாராவது சொல்ல வேண்டாமா? எனக்குத் தெரிந்த ஒரு பையன், கொழும்பில் நல்ல வேலையில் இருந்தவன், நியூசிலாந்தில் ஓரிடத்தில் இடைவேளையே எடுக்காமல் நான்கு மாதம் வேலை செய்தான். கேட்டால் மரியாதை இல்லை என்று நினைப்பார்கள் என்று பயம். எட்டு மணித்தியால வேலை நாளில் சம்பளத்தோடு இரண்டு பத்து நிமிச இடைவேளையும் சம்பளமில்லாத அரை மணித்தியாலச் சாப்பாட்டு நேரமும் அவனுக்குச் சட்டப்படி உரியவை. வருசத்துக்கு நான்கு கிழமை லீவும் உண்டு. வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்துப் போடுவதற்கு முன் வேறொருவரிடம் காட்டி ஆலோசனை கேட்க நேரம் தர வேண்டும். முதலாளி உங்கள் கடவுச்சீட்டை வாங்கி வைத்திருக்கக்கூடாது. அங்கீகாரம் பெற்ற முதலாளியிடம் வேலை செய்யத் தரும் விசாவில் போகிறவர்களை 90 நாள் பரீட்சார்த்த காலம் என்று சொல்லி இடையில் நிறுத்த 2023 ஒக்ரோபர் 29 இல் இருந்து முடியாது. சுரண்டப்பட்டால் அந்த முதலாளியை விட்டு விலகி வேறு வேலை தேட ஆறு மாத விசா ஒன்று 2021 இல் இருந்து இருக்கிறது. சிற்றிசன்ஸ் அட்வைஸ் பியூரோ என்ற இடத்தில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். அந்தப் பையனுக்கு இது ஒன்றும் தெரியாது. கோப்பி போடும் இடத்தில் எப்படிக் கதைப்பது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும், கோப்பி குடிக்க நேரம் கேட்கலாம் என்பதுதான் தெரியவில்லை.

சரி, போகலாமா வேண்டாமா என்றால், போகலாம் என்பதுதான் என் பதில். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், மூன்றாம் ஆறாம் கிழமைகளுக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்து. முக்கியமாக ஒரே அலுவலகத்தில் பல வருசம் இருந்தவர்கள், மேலதிகாரிக்கு முன்னால் வாய் திறக்கப் பழகாதவர்கள், தாதியர், கட்டாயம் போங்கள். வெளிநாட்டுக் கம்பனிகளோடு தினமும் சூமில் கதைக்கிற ஐரி ஆட்களுக்குப் பாதிப் பாடம் தெரிந்ததாகவே இருக்கும், அவர்கள் யோசித்துச் செய்யுங்கள். போகும்போது உங்கள் நாட்டைப் பற்றிய கேள்விகளை எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள், கேட்டால் மிஸ் தேடி வந்து சொல்லுவார், கேட்காவிட்டால் பொதுவாகத்தான் போகும். இடைவேளைக்குப் பிளேன்ரீயும் ரோல்ஸும் தருகிறார்கள், அது கட்டணத்துக்குள் அடக்கம். அறையில் இரண்டு மின்விசிறிதான், யன்னல் பக்கம் இடம் பிடியுங்கள்.

போன சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் அங்கே போய் இருந்தேன். சோக்குச் சதுரம் அதே இடத்தில் இருக்கிறது, இப்போது வெள்ளைப் பெயின்றால் கீறி நிரந்தரமாக்கிவிட்டார். கட்டணம் 48,000 ஆகியிருக்கிறது. நான் சொன்ன குறைகளை மிஸ் பொறுமையாகக் கேட்டு, பெயர் விசயத்தில் கொஞ்சம் வாதாடி, பிறகு எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். என் வேலை ஒப்பந்தத்தில் சம்பளத்தை மறைத்துவிட்டு ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். அதை வைத்து உரிமைகளுக்கு ஒரு கிழமை ஒதுக்குவதாகச் சொன்னார். சேரப் போகிறவர்கள் அந்தப் பாடம் சேர்ந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு முதல் தவணையைக் கட்டுங்கள்.